ராணி உத்தரவு போடுமா? தேன்பெட்டி பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதி தாண்டி ஒரு தென்னந்தோப்பில் 14 தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் தேன் கிலோ என்ன விலை என்பார்கள். பெட்டியைத் திறந்து அடை கட்டிய ஒரு மரச் சட்டத்தைக் கையில் கொடுத்ததும் விலையை மறந்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள், முருங்கை போட்டிருக்கும் விவசாயிகள், கல்லூரி மாணவர்கள் என்று யார் வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். விலங்கியல் படித்தவன் என்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வகங்களில் நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை இத்தாலியத் தேனீயை வைத்து நடந்தவை. என் பெட்டிகளில் இருப்பது நம் ஊர்ப் பொந்துகளில் கூடு கட்டும் இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

ராணிதானே எல்லாருக்கும் உத்தரவு போடுகிறது?

மதுரைக்காரர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. சித்திரையில் பட்டாபிஷேகம், ஆவணி வரை மீனாட்சி ஆட்சி என்று கேட்டு வளர்ந்த ஊர். பெட்டிக்குள் கதை வேறு. ராணி யாரையும் ஏவுவதில்லை. அதற்கு ஊட்டுவது, உடம்பைத் துடைப்பது, அதன் எச்சத்தை அள்ளி வெளியே போடுவது எல்லாம் பணித்தேனீகள். என்ன முட்டை இடுவது என்பதில்கூட அவற்றுக்குப் பங்கு உண்டு. சின்ன அறை கட்டி வைத்தால் ராணி பெண் முட்டை இடும், பெரிய அறை என்றால் ஆண் முட்டை.

ராணியிடம் இருப்பது வாசனை. அதன் தாடைச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு கொழுப்பு அமிலத்தை 1960களின் தொடக்கத்தில் அடையாளம் கண்டார்கள். அது தனியாக வேலை செய்வதில்லை, ஐந்து பொருள் சேர்ந்த கலவை என்று 1988இல் தெரிந்தது. ராணியைச் சுற்றி நிற்கும் பணித்தேனீகள் நக்கியும் உரசியும் அந்த வாசனையைக் கூடு முழுக்கக் கடத்துகின்றன. 'நான் இருக்கிறேன், முட்டை இட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு மேல் அதில் செய்தி எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி இருக்கும்வரை பணித்தேனீகளின் சூலகம், அதாவது முட்டை உருவாகும் உறுப்பு, சுருங்கியே கிடக்கும்.

ராணி செத்துப்போனால் சில மணி நேரத்தில் பெட்டியின் இரைச்சல் மாறும். ஓரிரு நாளில் இளம் புழு இருக்கும் அறைகளில் சிலவற்றை நீட்டி ராணி அறையாக்கத் தொடங்கிவிடும். அதற்குத் தோதான புழு இல்லையென்றால் பணித்தேனீகளே முட்டை இடும். நம் இந்தியத் தேனீ இதில் ரொம்ப அவசரக்காரி. ஒரு அறையில் மூன்று நான்கு முட்டை, அதுவும் சுவரில் ஒட்டிக் கிடந்தால் அந்தப் பெட்டி ராணி இல்லாத பெட்டி என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அந்த முட்டைகளிலிருந்து ஆண் மட்டுமே வரும். ஏன் என்பது கீழே.

ராணியும் பணித்தேனீயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்தா வருகின்றன?

ஆமாம். இந்தத் தோப்பில் நான் மிக ரசித்துச் சொல்லும் பதில் இதுதான். ராணி வளர்ப்பவர்கள் செய்வதைப் பாருங்கள். ஒரு நாள் வயதுகூட ஆகாத பணித்தேனீப் புழுவை மெல்லிய ஊசியால் அள்ளி, மெழுகுக் கிண்ணத்தில் விட்டு, ராணி இல்லாத பெட்டிக்குள் வைப்பார்கள். பணித்தேனீயாகப் போயிருக்க வேண்டியது ராணியாக வெளியே வரும். மரபணுவில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

மாறியது சாப்பாடு. முதல் மூன்று நாள் எல்லாப் புழுவுக்கும் ஊட்டும் தேனீகள் சுரக்கும் கூழ் கிடைக்கிறது. அப்புறம் பணித்தேனீப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த சாதா சாப்பாடு, அதுவும் அளவாக. ராணிப் புழு மட்டும் கடைசிவரை அரசக் கூழில் மிதக்கும். அந்தச் சாப்பாட்டின் செழிப்பை உடம்பு இன்சுலின் வழியாக உணர்கிறது. மூளைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஜோடிச் சின்னச் சுரப்பிகள் ஜுவனைல் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன் உச்சத்தில் இருந்தால் சூலகக் குழாய்கள் பிழைத்துக்கொள்ளும், ஒரு சூலகத்துக்கு 150க்கு மேல். ஹார்மோன் குறைவாக இருந்தால் அந்தக் குழாய்கள் புழுப் பருவத்திலேயே தாமாக அழிந்து, விரல்விட்டு எண்ணும் அளவில் மிஞ்சும். பணித்தேனீப் புழுவின்மேல் இந்த ஹார்மோனைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள், ராணிச் சாயல் வந்துவிடுகிறது.

2008இல் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனை இன்னும் வேடிக்கை. மரபணுமேல் மெத்தில் என்ற வேதி அடையாளத்தை ஒட்டும் ஒரு நொதி இருக்கிறது. புழுவில் அந்த நொதியைத் தயாரிக்கும் மரபணுவை அமுக்கிவிட்டார்கள். அரசக் கூழ் விருந்து இல்லாமலேயே பெரும்பாலான புழுக்கள் ராணியாயின. அதாவது சாதாச் சாப்பாடு சில மரபணுக்களுக்குப் பூட்டுப் போடுகிறது, அரசக் கூழ் அந்தப் பூட்டு விழாமல் பார்த்துக்கொள்கிறது. ராணியாவதற்கென்று தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை, பணித்தேனீ ஆவதற்குத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

2011இல் ஜப்பானிலிருந்து ஒரே ஒரு புரதம்தான் ராணியை ஆக்குகிறது என்று ஓர் ஆய்வு வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு மற்றவர்கள் செய்துபார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. ஒரு சாமானில் குழம்பு ருசி வந்துவிடுமா?

இத்தாலியத் தேனீக் கணக்கில் முட்டையிலிருந்து ராணி வெளியே வர 16 நாள், பணித்தேனீக்கு 21, ஆணுக்கு 24. ராணி இரண்டு மூன்று ஆண்டு இருக்கும், பணித்தேனீ சுறுசுறுப்பான காலத்தில் ஆறு வாரம் தாண்டாது.

அப்படியானால் அரசக் கூழ் மாத்திரை சாப்பிட்டால் நமக்கும் ஆயுசு கூடுமா?

கூடாது. நாம் மூன்று நாள் புழு இல்லை. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும் என்பது மட்டும் நிச்சயம்.

ஆண் தேனீக்கு அப்பா கிடையாது என்பது நிஜமா?

நிஜம். சைலீசியாவில் இருந்த ஜோகன் ட்சியர்சோன் என்ற பாதிரியார் 1845இல் இதைச் சொன்னார். அப்போது பலர் நம்பவில்லை. ராணி கருவுற்ற முட்டை இட்டால் பெண், கருவுறாத முட்டை இட்டால் ஆண். பணித்தேனீ ஆணோடு கூடுவதில்லை, அதனால்தான் அது இடும் முட்டையிலிருந்து ஆண் மட்டுமே வருகிறது. பெண்ணுக்கு 32 குரோமோசோம், ஆணுக்கு அம்மா கொடுத்த 16 மட்டும்.

பாதிரியார், தேன் என்றதும் நம் பக்கத்துக் கதை ஒன்று. தமிழ்நாட்டில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910களில் நம் இந்தியத் தேனீயின் உடல் அளவுக்கு ஏற்ற ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்தார். தென்னிந்தியாவில் இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். என் தோப்பில் இருப்பதும் அதுதான்.

சரி, ஆணுக்கு வருவோம். அப்பா இல்லை, மகனும் இருக்க முடியாது, ஏனென்றால் அதன் விந்து போகும் முட்டை எல்லாம் மகள்தான். ஆனால் அம்மாவின் அப்பா உண்டு, மகள் வயிற்றுப் பேரனும் உண்டு. போன வருஷம் வந்த ஒரு ஏழாம் வகுப்புப் பெண் இதைக் கேட்டுவிட்டு மணலில் குச்சியால் வம்சம் வரைந்தாள். ஆண் ஒன்று, அதற்கு அம்மா ஒன்று, அந்த அம்மாவுக்குப் பெற்றோர் இரண்டு, அதற்கு மேல் மூன்று, அப்புறம் ஐந்து, எட்டு. "அண்ணா, இது ஃபிபனாச்சி!" என்று கத்தினாள். முந்தைய இரண்டு எண்ணைக் கூட்டினால் அடுத்த எண் வரும் வரிசை அது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அன்றைக்குப் புதிதாகக் கேட்டது போல் இருந்தது.

குரோமோசோம் பாதி இருந்தால் ஆண், முழுதாக இருந்தால் பெண். அவ்வளவுதானா?

அவ்வளவு எளிதில்லை. இதை நான் படித்திருந்தும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்று இருக்கிறது, 2003இல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பல வடிவங்கள் உண்டு. ஒரு முட்டையில் இரண்டு வேறு வேறு வடிவம் சேர்ந்தால் பெண். ஒரே ஒரு பிரதி இருந்தால் ஆண். இரண்டு பிரதி இருந்தும் இரண்டும் ஒரே வடிவமாக அமைந்துவிட்டால்? அதுவும் ஆண்தான், ஆனால் பயனில்லாத ஆண். முட்டை பொரிந்த சில மணி நேரத்தில் பணித்தேனீகள் அந்தப் புழுவைத் தின்றுவிடும்.

ஆரம்பத்தில் என்னுடைய பெட்டிகள் எல்லாம் ஒரே புளியமரப் பொந்திலிருந்து எடுத்த குடும்பத்தைப் பிரித்துப் பிரித்து உண்டாக்கியவை. சுற்றுவட்டாரத்தில் வேறு கூடும் அதிகம் இல்லை. ராணி தன்னிடம் உள்ள அதே வடிவத்தைச் சுமக்கும் தம்பி முறை ஆணோடு கூடினால் அந்த விந்து போகும் முட்டைகளில் பாதி இந்த வீண் ஆண்களாகப் போகும். மூன்றாம் வருஷம் புழு அடையைப் பார்த்தால் சல்லடை போல் அங்கங்கே காலி அறை. நான் நோய் என்று நினைத்து அலைந்தேன். கடைசியில் சிறுமலைப் பக்கமிருந்து இரண்டு குடும்பம் வாங்கி வந்து வைத்தபின் அடுத்த தலைமுறையில் அடை நிறைந்தது. ஆகவே பெட்டி வாங்குகிற விவசாயிகளுக்கு என் யோசனை, எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் வாங்காதீர்கள்.

யார் குழந்தைக்கு ஊட்டுவது, யார் பூவுக்குப் போவது என்று யார் பிரித்துக் கொடுக்கிறார்கள்?

வயசு. பிறந்ததும் அறை துடைக்கும். அப்புறம் புழுவுக்கு ஊட்டும். அப்புறம் மெழுகு கட்டும், வாசல் காக்கும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் வெளியே பறக்கும். இந்த நகர்வுக்குப் பின்னால் இருப்பதும் அதே ஜுவனைல் ஹார்மோன்தான். புழுவில் ராணியை ஆக்கிய அதே பொருள், வளர்ந்த பணித்தேனீயில் வேலை மாற்றும் கடிகாரமாகிவிட்டது.

இன்னொரு பக்கம் வைட்டலோஜெனின் என்ற புரதம். மற்றப் பூச்சிகளில் இது முட்டையின் மஞ்சள் கருவுக்கான சரக்கு. முட்டையே இடாத பணித்தேனீயில் இது எதற்கு? ஊட்டும் தேனீ அதைக் கூழாக மாற்றித் தங்கைகளுக்குக் கொடுக்கிறது. இந்த இரண்டும் கிணற்று ஏற்றம் போல, ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும். வைட்டலோஜெனின் நிறைந்திருக்கும்வரை ஹார்மோன் தாழ்ந்து கிடக்கும், தேனீ வீட்டோடு இருக்கும். சரக்கு தீர்ந்ததும் ஹார்மோன் ஏறும், தேனீ வெளியே கிளம்பும். அந்தப் புரதத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்த்தபோது தேனீகள் சீக்கிரமே பூவுக்குப் போயின, சீக்கிரமே செத்தும்போயின.

ஆனால் கடிகாரம் இறுகிப்போனது இல்லை. அமெரிக்காவில் ஜீன் ராபின்சன் குழுவினர் ஒரே நாளில் பிறந்த தேனீகளை மட்டும் வைத்துக் குடும்பம் அமைத்தார்கள். மூத்தது யாரும் இல்லாததால் சில தேனீகள் ஒரு வாரத்திலேயே வெளி வேலைக்குப் போயின, அவற்றின் ஹார்மோனும் முன்கூட்டியே ஏறியிருந்தது. ஊட்டும் தேனீகளை எடுத்துவிட்டால் வெளியே போன கிழவிகளில் சில திரும்பி வந்து மறுபடி ஊட்டத் தொடங்கும், ஹார்மோனும் இறங்கும். பூவுக்குப் போகும் தேனீகளின் உடம்பில் உள்ள எத்தில் ஓலியேட் என்ற பொருள் இளசுகளைத் தாமதப்படுத்துகிறது என்று 2004இல் காட்டினார்கள். வெளியே போகும் அக்காமார் போதுமான அளவு இருக்கும்வரை வீட்டிலிருக்கும் தங்கைகளுக்கு அவசரம் வராது. யாரும் கணக்கெடுப்பதில்லை, வாய்க்கு வாய் பரிமாறும்போதே கணக்கு தீர்ந்துவிடுகிறது.

எனக்கு இதில் பிடித்தது, பரிணாமம் புதுச் சாமான் எதுவும் வாங்கவில்லை. தனியாக வாழ்ந்த மூதாதைத் தேனீயில் முட்டை வளர்க்கப் பயன்பட்ட ஹார்மோனையும் புரதத்தையும் எடுத்து, கூட்டுக் குடும்பத்தின் வேலைப் பிரிவினைக்குத் திருப்பிவிட்டிருக்கிறது.

தனக்கென்று பிள்ளை இல்லாமல் இத்தனை பாடுபடுவது எதற்கு? இயற்கைத் தேர்வுக்கு இது முரண் இல்லையா?

1859இல் டார்வினையே உறுத்திய கேள்வி. மலட்டுப் பணியாள்கள் தம் தியாகத்தை யாருக்கு வாரிசாக விட்டுப்போக முடியும்? குடும்பத்தையே ஓர் அலகாகப் பார்க்க வேண்டும் என்று அவர் ஓரளவு சமாளித்தார்.

கணக்குப் போட்டுக் காட்டியவர் வில்லியம் ஹாமில்டன், 1964இல். நம் முக்கால், அரை, கால் கணக்கிலேயே சொல்கிறேன். அப்பாவிடம் ஒரே செட் குரோமோசோம்தான் என்பதால் அவர் எல்லா மகளுக்கும் அதையே அப்படியே கொடுக்கிறார். அம்மா பக்கம் பாதி ஒத்துப்போகும். ஆக ஒரே அப்பனுக்குப் பிறந்த அக்கா தங்கை முக்கால் பங்கு ஒன்று. தன் மகளோ அரைப் பங்குதான். மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம்! கேட்டதும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். கல்லூரியில் எனக்கும் இதோடு முடித்துவிட்டார்கள்.

ஆனால் தேனீ ராணி ஒருவனோடு கூடுவதில்லை. இத்தாலிய ராணி பத்து, இருபது ஆண்களோடு கூடும். மலைத்தேனீ ராணி ஐம்பதையும் தாண்டுவது உண்டு. பத்து அப்பன் என்றால் பெட்டிக்குள் இரண்டு சகோதரிகளுக்கு இடையே சராசரி உறவு வெறும் 30 சதவீதம். முக்கால் கணக்கு காற்றில் போய்விட்டது. அதோடு கரையானைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஈசல் பிடித்து வறுத்துத் தின்போமே, அந்தக் கூட்டத்தில் ஆணும் பெண்ணும் நம்மைப் போல் அப்பா அம்மா இருவரிடமும் பெற்றவை. முக்கால் கணக்கே இல்லாமல் அங்கே ராஜாவும் ராணியும் பணியாளும் உண்டு.

அப்புறம் எப்படி? இரண்டு பதில்கள் சேர்ந்து நிற்கின்றன. ஒன்று, தொடக்கம். தேனீ, எறும்பு, குளவி வம்சங்களைப் பின்னோக்கிப் பார்த்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. சமூக வாழ்க்கை முளைத்த இடத்தில் எல்லாம் மூதாதை ராணி ஒருவனோடு மட்டும் கூடியவளாக இருந்திருக்கிறாள். நெருங்கிய உறவில் தொடங்கி, பணித்தேனீ தனியாக வாழும் திறனையே இழந்தபின்தான் பல ஆண்களோடு கூடும் வழக்கம் வந்தது. பல அப்பன் இருப்பதால் நோய் எதிர்ப்பும் கூட்டின் சூட்டைச் சமன் செய்வதும் மேம்படுகின்றன.

இரண்டு, காவல். பணித்தேனீ கள்ளத்தனமாக முட்டை இட்டால் மற்றவை தேடித் தின்றுவிடும். 1989இல் ராட்னீக்ஸ், விஷர் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ராணி முட்டை தப்பியது, பணித்தேனீ முட்டை ஒரு நாளைக்குள் பெரும்பாலும் காலி. காரணமும் உறவுக் கணக்குதான். பல அப்பன் உள்ள குடும்பத்தில் ஒரு பணித்தேனீக்குத் தம்பி கால் பங்கு, அக்காள் மகன் சராசரியாக அதற்கும் குறைவு. நம் ஊரில் காதுகுத்தென்றால் அக்காள் மகனை மடியில் உட்காரவைத்துச் சீர் செய்கிறோம். அங்கே சித்திமார் சேர்ந்து முட்டையிலேயே முடித்துவிடுகிறார்கள்.

உறவு மட்டுமே போதாது என்பதை ஜன்னல் ஓரத்தில் காகிதம் போல் கூடு கட்டும் குளவியை வைத்துப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். அந்தக் குளவிக்குத் தனியாகப் போய்க் கூடு கட்டும் திறன் உண்டு. ஆனால் பாதியில் செத்தால் புழு எல்லாம் வீண். கூட்டத்தில் இருந்து பாதி வேலை பார்த்துவிட்டுச் செத்தாலும் மீதியை இன்னொருத்தி முடிப்பாள். உழைப்பு வீணாகாது என்ற உறுதிக்கே அங்கே விலை அதிகம்.

தியாகம், ஒற்றுமை என்று தேனீயை மேடையில் உதாரணம் காட்டும் பேச்சாளர்கள் இந்த முட்டை தின்னும் பகுதியை விட்டுவிடுவார்கள்.

மலைத்தேனீ, கொம்புத்தேனீ, பெட்டித்தேனீ மூன்றும் கலந்துவிடாதா?

மூன்று ராணிகளும் ஆண்களை ஈர்க்க முக்கியமாகப் பயன்படுத்துவது அதே தாடைச் சுரப்பி அமிலம்தான். கலந்துவிடாமல் காப்பது நேரம். இலங்கையில் பார்த்து 1976இல் வெளியிட்டார்கள்: கொம்புத்தேனீ ஆண்கள் பகல் 12 முதல் 2.30 வரை, அடுக்குத் தேனீ மாலை 4.15 முதல் 5.15 வரை, மலைத்தேனீ 6 மணிக்கு மேல் அந்தி மங்கும்போது. ஷிப்ட் போட்டது போல.

மலைத்தேனீ ஒன்று கொட்டினால் கூட்டமே ஏன் வருகிறது?

கொடுக்கோடு ஒரு அபாய வாசனையும் வெளிவருகிறது. ஐசோபென்டைல் அசிடேட், வாழைப்பழ வாசனை அடிக்கும். 'இங்கே கொட்டு' என்று உங்கள்மேல் ஒட்டிய குறி அது. அதனால்தான் பெட்டி திறக்கிற அன்று நான் வாழைப்பழம் தொடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியிலும் பாறை முகட்டிலும் தொங்கும் கூட்டின்மேல் கல் எறியாதீர்கள். கொட்டிவிட்டால் நின்று அடிக்காமல் ஓடி மூடிய இடத்துக்குள் புகுங்கள், கொடுக்கை உடனே சுரண்டி எடுங்கள். பல கொடுக்கு பட்டாலோ மூச்சுத் திணறினாலோ நேராக ஆஸ்பத்திரி.

மல்லித் தோட்டத்தில் பெட்டி வைத்தால் மல்லிகைத் தேன் கிடைக்குமா?

மலரும் முன்பே மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறீர்கள், தேனீக்கு என்ன மிச்சம்? முருங்கை, தென்னை, புங்கன், எள் பக்கம் வையுங்கள்.

ஆண் தேனீயைப் பார்க்க எப்போது வரலாம்?

பூ நிறைந்திருக்கும் மாதத்தில், வெயில் அடிக்கும் நாளில், மாலை 4 மணிக்குத் தோப்புக்கு வந்துவிடுங்கள். கறுத்து, குண்டாக, கண் பெருத்து வாசலில் முண்டியடித்து வரும். கொடுக்கு கிடையாது, கையில் பிடித்துப் பார்க்கலாம். ஆண் வளர்ந்த அறையின் மூடி கூம்பாக உயர்ந்து நடுவில் ஊசித் துளை இருக்கும், அது இந்தியத் தேனீக்கே உரிய அடையாளம். உதிர்ந்த மூடிகள் பெட்டியின் அடிப்பலகையில் கிடக்கும், பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போவார்கள்.